பன்னிரண்டு மணி நேரம்

புந்தா அரேனாஸில் காற்றுக்கென்றே
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்கலாம்.
ஒலிந்தா மான்சியா கயிற்றைப் பிடிக்காமல்
இடது கையை உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தபடி
என் மருந்துக்கடைக்குள் வந்தாள்,
முட்டைக் கூடை இடுக்கி வருகிறவள் போல.

நீரிணையைக் கடக்கும் படகில் சீட்டுக் கிழிப்பவள்.
அக்கி வந்து போய் நான்கு மாதம்.
கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தாயிற்று.
தழும்புகூட வெளுத்துவிட்டது.
எரிச்சல் மட்டும்
வாடகை தராத குடித்தனமாக
விலாவில் தங்கிவிட்டது.

ஸ்வெட்டரைச் சற்றுத் தூக்கிக் காட்டினாள்.
உள்ளே, பூத்தையலுக்கான மரவளையம் ஒன்றை
நாடாவில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்,
துணி தோலில் படாமலிருக்க.
"அடித்தால் பொறுத்துக்கொள்வேன்," என்றாள்.
"வருடினால்தான் முடியவில்லை.
நேற்று ஒரு சீட்டு பறந்து வந்து இங்கே பட்டது.
கத்திவிட்டேன். லாரிக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்."

லிடோகைன் பட்டையை எடுத்து வைத்தேன்.
வெள்ளை, கொஞ்சம் ஈரம், உள்ளங்கையைவிடப் பெரிது.
கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம்.
புண்ணில்லாத தோலில் மட்டுமே ஒட்ட வேண்டும்.
பன்னிரண்டு மணி நேரம் ஒட்டு,
பன்னிரண்டு மணி நேரம் சும்மா விடு.

"வலிக்கிற இடம் இதற்கு எப்படித் தெரியும்?"

தெரியாது, என்றேன்.
மாத்திரைதான் உடம்பெல்லாம் அலையும்.
இது ஒட்டின இடத்தில் உட்காரும்.
அங்கே தோலுக்கடியில் நரம்பு நுனிகள்,
நுனிகளில் கண்ணுக்கு எட்டாத கதவுகள்.
கதவு திறந்தால் உப்பு உள்ளே பாயும்,
பாய்ந்தால் நரம்பு கத்தும்.
அக்கி தீய்த்த நரம்புக்குக் காரணம் வேண்டாம்,
கதவு தானாக அடித்துக்கொண்டே கிடக்கும்.
இந்த மருந்து போய் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.
எதையும் ஆற்றுவதில்லை. நிற்கிறது.

"உப்பா?"
ஜன்னல் வழியே நீரைப் பார்த்தாள்.
"முப்பது வருஷமாக உப்பில்தான் நிற்கிறேன்."

அவள் கவலை வேறு.
எந்தப் பன்னிரண்டு?
பகலில் ஒட்டினால் படகில் நிற்கலாம்,
இரவு போர்வையே முள்.
இரவில் ஒட்டினால் தூங்கலாம்,
எர்விந்தோ பழக்கத்தில் கையைப் போட்டாலும் போடட்டும்.
விடிந்ததும் சீருடை,
அதன் மேல் உயிர்காப்பு அங்கியின் வார்.
ரசீதின் பின்புறம் ஒரு கடிகாரம் வரைந்து
பாதியைக் கோடிட்டு நிரப்பினாள்.
அடித்துவிட்டு மறுபடி வரைந்தாள்.
இதற்கு என்ன சொல்வது என்று
பெட்டிக்குள் இருந்த தாளில் அச்சிடவில்லை.
நான் சில்லறை எண்ணுவது போல நின்றேன்.

டிசம்பரில் திரும்பி வந்தாள்.
காலை ஆறுக்கு ஒட்டி மாலை ஆறுக்கு உரிக்கிறாளாம்.
"இருட்ட எப்படியும் பத்தாகிறது.
மீதி வெயிலைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிறேன்."

எரிச்சல் குறைந்ததா?

"அங்கேயேதான் இருக்கிறது.
நடுவில் யாரோ கம்பளி தொங்கவிட்ட மாதிரி,
கத்துவது கேட்கிறது, வார்த்தை புரியவில்லை."
பிறகு, பக்கத்தில் நின்றவர் போகட்டும் என்று காத்திருந்து:
"கட்டை மாதிரி மரத்துப்போகும் என்று நினைத்தேன்.
இல்லை.
நேற்று மேல்தளத்தில் ஜிப்பை இறக்கிவிட்டு நின்றேன்.
காற்று வந்தது.
சில்லென்று, சட்டைக்குள், இங்கே வரைக்கும்.
வெறும் காற்று."

பட்டையைப் பாதியாக வெட்டி
இரண்டு நாள் ஓட்டுகிறாளாம். விலை அப்படி.
இன்னொரு பெட்டி வாங்கினாள்.
வளையம்? என்று கேட்டேன்.
"ராத்திரிக்கு வேண்டுமே."

கதவைத் திறந்ததும் தெருவே உள்ளே வந்தது போல ஓர் அறை,
ரசீதுகள் பறந்தன.
ஐந்தே முக்கால்.
அவள் வீடு பத்து நிமிஷ நடை.
முனையில் நின்றாள்,
கயிறு கையருகே இருந்தும் பிடிக்காமல்,
அங்கியின் முன்பக்கம் திறந்து படபடக்க,
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்,
அவள் பார்க்கவில்லை.